அந்த 38 நொடியில் இரண்டாவது ஆள் எங்கே?

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். வட மாவட்டம் ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறவன் நான். பணியில் சேர்ந்து 19 வருடம் ஆகிறது. ஊர்ப் பெயர், பள்ளிப் பெயர் எதையும் எழுதப் போவதில்லை. ஏன் என்பது பாதி மடல் தாண்டுவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். உங்கள் சேனல்களின் பெயரையும் எழுதவில்லை. எங்கள் வகுப்பறையில் எடுத்த அந்த 38 நொடி வீடியோவை அன்று ஐந்து சேனல்கள் போட்டீர்கள், இதில் யாரைத் தனியாகச் சொல்ல?

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை, கடைசி பீரியட். ஒன்பதாம் வகுப்பு. அறிவியல் டீச்சர் போர்டில் படம் வரைந்துவிட்டுத் திரும்புகிறார். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் தலையைக் கவிழ்த்துத் தூங்குகிறான். எழுப்புகிறார், எழவில்லை. தோளைத் தட்டுகிறார். நோட்டை இழுத்துப் பார்த்தால் ஜூன் மாதத்தோடு எழுத்து நின்றுவிட்டது. "எழுந்து வெளியே போய் நில்லு" என்கிறார்.

இதுவரை நடந்தது வீடியோவில் கிடையாது. வீடியோ இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. பையன் எழுந்து பெஞ்சை உதைக்கிறான். மேசைமேல் இருந்த டஸ்டரை எடுத்துச் சுவரில் எறிகிறான், சுண்ணாம்புத் தூள் பறக்கிறது. டீச்சரைப் பார்த்து ஒருமையில் ஒரு வார்த்தை சொல்கிறான். பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிறார்கள். டீச்சர் ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன், கொண்டு வரக் கூடாத போனைக் கொண்டு வந்து, எடுத்தது. மொத்தம் 38 நொடி.

அன்று இரவு வாட்ஸ்அப்பில் சுற்றியது. மறுநாள் மதியம் உங்களிடம் வந்துவிட்டது. பையன் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், டஸ்டர் பறக்கும்போது ஒரு அம்புக்குறி, பெஞ்சை உதைப்பதை மட்டும் மூன்று முறை மெதுவாக ஓட்டி, பின்னால் பேய்ப்படத்துக்குப் போடுகிற மேளம். முகத்தை மங்கலாக்கியிருந்தீர்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். கொசுவலை வழியாகப் பார்ப்பது போல இருந்தது. எங்கள் ஊரில் அந்தப் பையனைத் தெரியாதவர்களுக்குக்கூட அன்று தெரிந்துவிட்டது. போதாததற்கு, உங்கள் நிருபர் ஒருவர் பள்ளி வாசலில் நின்று, சுவரில் எழுதியிருந்த பெயரை ஊரோடு ஒன்றியத்தோடு முழுசாக வாசித்தார். இரவு எட்டு மணிக்கு விவாதம். கீழே ஓடிய வரி: "எல்லை மீறும் மாணவர்கள், கைகட்டி நிற்கும் ஆசிரியர்கள்."

கைகட்டி நிற்கவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது வேறு.

இனி, அந்த 38 நொடிக்குள் வராதவற்றைச் சொல்கிறேன். அந்த அறையில் அன்று 71 பிள்ளைகள். 'பி' பிரிவு ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டதால் இரண்டு பிரிவையும் சேர்த்து உட்கார வைத்திருந்தோம். ஒரு பெஞ்சில் ஐந்து பேர். அந்தப் பையனின் அப்பா வீட்டோடு இல்லை. அவன் இரவு பதினொன்றுக்குக் காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்கப் போய், விடிகாலை நான்குக்குத் திரும்புகிறவன். இது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வகுப்புக்கு வகுப்பாசிரியர் நான்தான். என் பீரியடிலும் அவன் தூங்குவான். நான் எழுப்ப மாட்டேன். அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டாஃப் ரூமில் அறிவியல் டீச்சரிடம் ஒரு வார்த்தை, "அவன் ராத்திரி வேலைக்குப் போறான் டீச்சர்" என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. உங்கள் சிவப்பு வட்டத்துக்குள் ஒருவேளை என் தலையும் வந்திருக்க வேண்டும்.

இதற்காகப் பையன் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. மாணவர் நடத்தை உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கிற இடங்கள் இருக்கின்றன, அதை மூடி மறைக்க எனக்கு ஒரு லாபமும் இல்லை. உதட்டுக்குள் வைக்கிற புகையிலைப் பொட்டலத்தை எட்டாம் வகுப்புப் பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்திருக்கிறேன். போர்டில் எழுதுகிற டீச்சரைப் பின்னாலிருந்து போன் எடுத்துப் பாட்டுப் போட்டு ரீல்ஸ் விட்டவர்கள் இருக்கிறார்கள். மணிக்கட்டில் எந்த ஜாதியின் நிறக் கயிறு என்பதை வைத்து யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று அவர்களே முடிவு செய்துகொள்கிற வகுப்பறை தெற்கில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 2012 பிப்ரவரியில் சென்னையில், டைரியில் தன்னைப் பற்றிக் குறிப்பு எழுதிய பள்ளிக்கூட ஆசிரியையை ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். அந்த வாரம் எங்கள் பள்ளியில் நாங்கள் யாரும் பிள்ளைகளின் டைரியில் எதுவும் எழுதவில்லை. பயம் என்றுகூட இல்லை, கை ஓடவில்லை, அவ்வளவுதான்.

அப்படியிருக்க, நீங்கள் காட்டுவதில் எனக்கு என்ன குறை? நடந்ததைத்தானே காட்டுகிறீர்கள். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்த 38 நொடியை நீங்கள் அன்றைக்கு நூறு முறையாவது ஓட்டியிருப்பீர்கள். ஒரு முறையாவது யாராவது கேட்டீர்களா, இந்தப் படத்தில் டீச்சரைத் தவிர இரண்டாவதாக ஒரு பெரியவர் எங்கே என்று?

71 பிள்ளைகள், ஒரு ஆசிரியர். ஒரு பையன் கட்டுக்கடங்காமல் எழுந்து நிற்கிறான். அவனை வெளியே கூட்டிப் போய், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, "என்னடா ஆச்சு" என்று கேட்க இன்னொருவர் வேண்டும். டீச்சரே அவனோடு வெளியே போனால் உள்ளே எழுபது பேர் தனியாக இருப்பார்கள். போகாவிட்டால் அவன் கத்திக்கொண்டே இருப்பான். இந்தக் கணக்குக்கு விடை கிடையாது. பிரம்பு இருந்தாலும் கிடையாது.

முன்பெல்லாம் அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் பி.டி. சார். நான் படித்த காலத்தில், எந்த வகுப்பில் சத்தம் வந்தாலும் விசிலோடு தாழ்வாரத்தில் வந்து நிற்பார். அடிக்கவும் செய்தார், அந்தக் காலத்துப் பெருமையை நான் பாடப் போவதில்லை. ஆனால் எவன் வீட்டில் என்ன பிரச்சினை என்று அவருக்குத்தான் முதலில் தெரியும், ஏனென்றால் கிரவுண்டில் பையன்கள் பேசுவார்கள். இப்போது பல பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், கணினி எல்லாம் பகுதிநேர ஆசிரியர்கள் கையில். 2012-இல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரத்துக்கு மூன்று அரை நாள் என்று எடுத்தார்கள். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2024-இல் அது 12,500 ஆனது. எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் திங்கள், செவ்வாய், புதன் காலை வருவார். மீதி நேரம் ஒரு கூரியர் கம்பெனியில் டெலிவரி. டஸ்டர் பறந்தது வியாழன் மாலை.

இதே பகுதிநேர ஆசிரியர்கள் நுங்கம்பாக்கத்தில் பள்ளிக்கல்வித் துறையின் தலைமையகமான டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்து போராடும்போது நீங்கள் வருகிறீர்கள். போலீஸ் தூக்கி வேனில் ஏற்றுவதைக் காட்டுகிறீர்கள். 'பணி நிரந்தரம் கோரி' என்று கீழே போடுகிறீர்கள். அது ஒரு செய்தி, மாணவன் பெஞ்சை உதைப்பது வேறு ஒரு செய்தி. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டுக் காட்டிய ஒரு புல்லட்டினை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

2012-இல் நடந்த அந்தக் கொலைக்குப் பிறகு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நடமாடும் உளவியல் ஆலோசனை மையம் என்று வாகனங்கள் விட்டார்கள். பத்து வாகனம். அப்போது 32 மாவட்டம். ஒரு வண்டிக்கு மூன்று மாவட்டத்துக்கு மேல் வருகிறது, கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை எங்கள் பள்ளிக்கு வந்தது. வந்தவர் நல்ல மனிதர், மதியம் வரை பத்தாம் வகுப்புக்குத் தேர்வு பயம் பற்றிப் பேசினார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "தனியா பேசணும்னு ஒன்பது பேர் வந்தாங்க சார், நேரமில்ல" என்றார். அப்புறம் அந்த வண்டியை நான் பார்க்கவில்லை. பிறகு 14417 என்று உதவி எண் வந்தது, 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டி வந்தது. பெட்டி எங்கள் ஹெச்.எம். அறை வாசலில்தான் தொங்குகிறது. ஹெச்.எம். உட்கார்ந்திருக்க, அவர் கண் எதிரே போய்ப் பெட்டியில் கடிதம் போடுகிற பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

2022 ஏப்ரலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திருப்பத்தூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் ரெக்கார்டு நோட்டு கேட்ட ஆசிரியரை அடிக்கப் பாய்ந்த மாணவன், வேலூரில் மேசை பெஞ்சுகளை உடைத்த பிளஸ் டூ மாணவர்கள். இரண்டு வாரம் உங்கள் திரையில் வேறு பள்ளிக்கூடமே இல்லை. தினம் ஒரு வீடியோ தேடிப் போட்டீர்கள், பழையதையும் புதியது போலப் போட்டீர்கள். அடுத்த மாதம் சட்டமன்றத்தில் அமைச்சர், இப்படி நடக்கிற மாணவர்களை நிரந்தரமாக நீக்கி, மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் காரணத்தைக் குறிப்போம் என்றார். அதுவும் தலைப்புச் செய்தி.

அந்த ஏப்ரலில் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை, 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடியபோது ஏழாம் வகுப்பில் இருந்தவன். எட்டாம் வகுப்பை அவன் பார்க்கவே இல்லை. 2021 செப்டம்பரில் கதவு திறந்தபோது குரல் உடைந்து, மீசை அரும்பி, சிலர் ஒன்றரை வருடம் முழுச் சம்பளம் வாங்கிப் பழகி வந்து நின்றார்கள். சொந்தச் சம்பாத்தியத்தில் பிரியாணி சாப்பிட்டவனைத் திரும்பவும் 'கையைக் கட்டி உட்காரு' என்றால் உட்கார்ந்துவிடுவானா? எங்களுக்கும் எப்படி உட்கார வைப்பதென்று தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை. விட்ட பாடத்தை எப்படிப் பிடிப்பது என்று பயிற்சி மேல் பயிற்சி வந்தது. விட்ட பழக்கத்தைப் பற்றி அரை நாள் பயிற்சி எனக்கு வரவில்லை. அந்த இரண்டு வாரத்தில் இதை ஒரு அரை மணி நேரம் விசாரித்திருந்தால் நீங்கள் செய்தது பெரிய வேலையாக இருந்திருக்கும்.

அப்புறம் இந்தப் பிரம்பு. ஒரு வாரம் மாணவன் ஆசிரியரைத் திட்டும் வீடியோ, விவாதத்தில் எல்லோரும் "ஆசிரியர் கையில் பிரம்பைத் திருப்பிக் கொடுங்கள்" என்கிறார்கள். அடுத்த வாரம் ஆசிரியர் மாணவனை அடிக்கும் வீடியோ, அதே சிவப்பு வட்டம், அதே மேளம், இப்போது வட்டத்துக்குள் ஆசிரியர் முகம், மங்கல்கூடக் கிடையாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு அடியையும் தடுக்கிறது, மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. அது நல்ல சட்டம். பிரம்பு திரும்ப வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் தலைமை ஆசிரியர் சலூன்காரரை வரவழைத்து முப்பது பையன்களை வரிசையாக உட்கார வைத்து முடி வெட்டினால், அதை "ஒழுக்கம் கற்பித்த தலைமை ஆசிரியர்" என்று சிரித்த முகத்தோடு வாசிக்கிறீர்களே, அது எந்தப் பிரிவில் வரும்? அந்தப் பையன்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவதைக் கூர்ந்து காட்டினீர்களே!

2023 நவம்பரில் சென்னைப் புறநகரில் படிக்கட்டில் தொங்கிய பிள்ளைகளைப் பஸ்ஸை நிறுத்தி இழுத்துப் போட்டு அடித்தார் ஒரு நடிகை. கைதானார், ஜாமீனில் வந்தார். இரண்டு நாள் ஓட்டினீர்கள், அடித்தது சரியா தப்பா என்று வாக்கெடுப்பு வேறு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் தொங்குகிறார்கள். காலை 8.20 பஸ்ஸை விட்டால் அடுத்தது 9.45. எத்தனை மணிக்கு எத்தனை பஸ் என்று நிருபர் யாராவது டிப்போவில் போய்க் கேட்டிருந்தால் செய்தி வேறு மாதிரி வந்திருக்கும். சரி, அது வேறு கதை, விடுங்கள்.

டிவியில் பள்ளிக்கூடத்தைக் காட்டவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருநாள் ஓர் ஆங்கிலத் துண்டு வீடியோ போட்டார்கள். பேச்சு மிக மோசமாகத் திக்கும் பையன் ஒருவன். ஆங்கில வாய்மொழித் தேர்வு நெருங்குகிறது. ஆசிரியர் அவன் காதில் ஹெட்போனை மாட்டி, பாட்டு ஓட விட்டு, கவிதையை வாசிக்கச் சொல்கிறார். வார்த்தை வருகிறது. பிறகு பள்ளி முடித்துப் போகும் நாளில் எல்லோர் முன்னாலும் அவன் பேசுகிறான், உடன் படித்தவர்கள் அழுகிறார்கள். பார்த்துவிட்டுத் தேடினேன். இங்கிலாந்தில் சேனல் 4 எடுத்த 'எஜுகேட்டிங் யார்க்‌ஷயர்', 2013. அதற்கு முன் 2011-இல் 'எஜுகேட்டிங் எஸெக்ஸ்'. பள்ளிச் சுவர்களில் அறுபதுக்கு மேல் கேமராவைப் பொருத்தி, ஏழு வாரம் ஓட விட்டு, பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் சம்மதம் வாங்கி எடுத்தவை. சம்மதம் என்றால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று அங்கேயே கேட்டவர்கள் உண்டு, அதுவும் நியாயமான கேள்விதான்.

அதே இங்கிலாந்தில் 2005-இல் ஒரு ஆசிரியை ரகசியக் கேமராவோடு மாற்று ஆசிரியராகப் பல பள்ளிகளுக்குப் போய், பிள்ளைகள் அடிக்கும் கொட்டத்தை எடுத்து டிவியில் காட்டினார். பெரிய பரபரப்பு. பிறகு அந்நாட்டு ஆசிரியர் கவுன்சில் அவரை விசாரித்து ஓராண்டு இடைநீக்கம் செய்தது. அந்த 2005 நிகழ்ச்சியும் உங்கள் 38 நொடியும் ஒரே ஜாதி. யார்க்‌ஷயரில் எடுத்தது வேறு. அதில் பிள்ளைகள் யோக்கியர்கள் இல்லை. கெட்ட வார்த்தை பேசுகிறார்கள், சிகரெட்டோடு பிடிபடுகிறார்கள், ஆசிரியர் முகத்துக்கு நேரே "போக மாட்டேன்" என்கிறார்கள். ஆனால் அப்படிச் சொன்ன பையன் வகுப்பிலிருந்து வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் ஒருவர் நிற்கிறார். சில நேரம் துணைத் தலைமை ஆசிரியர், சில நேரம் அந்த வகுப்புகளின் பொறுப்பாளர், சில நேரம் பாடமே எடுக்காத, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஊழியர். தனி அறைக்குக் கூட்டிப் போகிறார், உட்கார வைக்கிறார், வீட்டுக்குப் போன் போடுகிறார். உள்ளே பாடம் நடந்துகொண்டே இருக்கிறது. எனக்கு அந்த ஹெட்போன் காட்சியைவிட இதுதான் ஏக்கமாக இருந்தது. கண்ணீர் வந்தது என்று குழுவில் எல்லோரும் எழுதினார்கள். நான் அந்தத் தாழ்வாரத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இங்கே அப்படி ஒருவர் வரலாம் என்கிற பேச்சு ஒருமுறை எழுந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவரையும், தடுக்க வந்த தங்கையையும், அதே பள்ளி மாணவர்கள் ஜாதியின் பேரில் வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளியில் புகார் சொன்னதற்குப் பிறகு நடந்தது அது. அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டது, 2024 ஜூனில் 600 பக்கத்துக்கு மேல் அறிக்கை வந்தது. கயிறு, நெற்றிப் பொட்டு, பள்ளிப் பெயரில் ஜாதி என்று ஒரு வாரம் விவாதம் நடத்தினீர்கள். அதே அறிக்கையில், 500 பேருக்கு மேல் படிக்கிற பள்ளிகளுக்கு ஒரு பள்ளி நல அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும் ஒரு பரிந்துரை உண்டு. அது வந்ததா, எங்கே நிற்கிறது, யார் நிறுத்தியது என்று நீங்கள் கேட்டு நான் பார்க்கவில்லை. எங்கள் பள்ளியில் 430 பேர். வந்தாலும் எங்களுக்கு வராது. பரவாயில்லை, பெரிய பள்ளிக்காவது வரட்டும், பிறகு நாங்கள் சண்டை போட்டுக்கொள்கிறோம்.

அந்த வீடியோவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் திரும்பி வந்து பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பையனின் அம்மா வந்தார். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அதற்குள் யூனிபார்மைத் துவைத்து மடித்து வைத்திருந்தார், மேலே அரசு கொடுத்த புத்தகங்கள், அட்டை போட்டபடி. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தால்தான் டி.சி. கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "டிவியில வந்துட்டான் சார். இனிமே எந்த இஸ்கூல்ல சேத்துப்பாங்க? குடுத்துருங்க" என்றார். ஹெச்.எம். டி.சி. கொடுக்கவில்லை, பையை வாங்கவில்லை, "பையனை அனுப்பும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். அவன் வரவில்லை. அவன் தங்கை ஆறாம் வகுப்பில் இருந்தாள். அவளை அரையாண்டுத் தேர்வு வரைக்கும் பிள்ளைகள் 'டஸ்டர்' என்று கூப்பிட்டார்கள்.

நான் இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். முதல் முறை தூங்குகிறான் என்றார்கள். இரண்டாம் முறை வாசலில் உட்கார்ந்திருந்தான், எழுந்து நின்றான். நான் என்னென்னவோ பேசினேன். கடைசியில் அவன் கேட்டது ஒன்றுதான்: "டீச்சர் டிவி பாத்தாங்களா சார்?"

பார்த்தார். அவர் மகள் காலேஜில் படிக்கிறாள், அவளுடைய தோழிகளும் பார்த்தார்கள். டீச்சர் இரண்டு வாரம் மருத்துவ விடுப்பில் போனார். அடுத்த மாறுதல் கலந்தாய்வில் வேறு ஒன்றியத்துக்குப் போய்விட்டார். 16 வருடம் அந்தப் பள்ளியில் இருந்தவர். போகும் அன்று ஸ்டாஃப் ரூமில் பீரோ சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அவன் சொன்ன வார்த்தையை மறந்துருவேன் சார். சின்னப் பையன். நான் மேசையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன் பாருங்க, அதத் திரும்பத் திரும்பப் போட்டாங்க. அத எப்படி மறக்கறது?"

ஆசிரியருக்கு ஆதரவாகத்தான் அந்தச் செய்தியைப் போட்டதாக உங்களில் ஒருவர் பிறகு போனில் என்னிடம் சொன்னார். நம்புகிறேன். ஆதரவு என்று நினைத்துத்தான் நானும் அவனைத் தூங்க விட்டேன்.

உங்களிடம் கேட்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் முகம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, போலீஸ், விசாரணை என்று போய்விட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் வேறு எதுவும் வெளியே வரக் கூடாது என்கிறது. பள்ளி என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸுக்குப் போகாத பிள்ளைக்கு அதைவிடக் குறைவான மரியாதை போதும் என்று நீங்கள் நினைக்க மாட்டீர்கள்தானே? டீச்சர் முகத்துக்கும் அதே மங்கலைப் போடுங்கள். அவரும் அந்த வீடியோவுக்குச் சம்மதம் கொடுக்கவில்லை.

இன்னொன்று, நிருபர் மைக்கை நீட்டும்போது கேட்கிற கேள்வி. "ஏன் அந்த மாணவன் மீது நடவடிக்கை எடுக்கவில்லை?" என்றுதான் எங்கள் ஹெச்.எம்.மிடம் ஐந்து பேரும் கேட்டீர்கள். இந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் பணியிடம், இன்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பயிற்சியில், எத்தனை பேர் தேர்தல் வேலையில், வகுப்பை விட்டு வெளியே வந்த பையனோடு பேச இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஹெச்.எம். பதில் சொல்லப் பயப்படுவார். மேலதிகாரி அனுமதி இல்லாமல் பத்திரிகையோடு பேசினால் அவருக்கு மெமோ வரும். அப்போது அதையும் செய்தியில் சொல்லுங்கள்: "கேட்டோம், பதில் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை." மாவட்டக் கல்வி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், அங்கே சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு முறை திரும்பி வாருங்கள். வேனெல்லாம் வேண்டாம், ஒரு ஆள் போதும்.

அந்தப் பையன் இப்போது டைல்ஸ் ஒட்டுகிற வேலையில் இருக்கிறான். பைக் வைத்திருக்கிறான். என்னைப் பார்த்தால் வண்டியை ஓரம் கட்டி இறங்கி நின்று "வணக்கம் சார்" என்கிறான். தனித் தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதச் சொல்லி விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். எழுதுகிறேன் என்கிறான், கையெழுத்துப் போட மட்டும் இன்னும் வரவில்லை. தங்கை எட்டாம் வகுப்பு, எங்கள் பள்ளியிலேயே. நன்றாகப் படிக்கிறாள், ஆனால் வகுப்பில் யார் போன் எடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

வருவதானால் வியாழக்கிழமை வாருங்கள். பி.டி. சார் இல்லாத நாள், கடைசி பீரியட் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். 4.10-க்கு மணி அடிக்கும். கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது, அதுவரை அங்கே உட்கார்ந்திருங்கள், நான் வந்து கூட்டிப் போகிறேன். கேமராவை வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவின் வகுப்பாசிரியர்